கையில் உள்ள பணத்துக்குள் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை

கிறிஸ்துமஸ் சந்தை என்றதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் காட்டுவது ஜெர்மனியைத்தான். டிரெஸ்டன் நகரச் சந்தை 1434இல் தொடங்கியது. பார்க்க ஆசைதான். ஆனால் நான்கு பேருக்கு விமான டிக்கெட்டும் தங்கும் விடுதியும் எடுத்தாலே ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். சந்தையில் வாங்கக் காசு ஏது?

அதனால் இந்த டிசம்பருக்கு நாங்கள் எடுத்திருக்கும் முடிவு பினாங்கு, இரண்டு நாள்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில். விடுமுறைக் காலத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பிறகு பெர்ரியில் ஜார்ஜ்டவுன். ஹின் பஸ் டிப்போவின் வார இறுதிச் சந்தையில் உள்ளூர்க் கைவினைப் பொருள்கள் கிடைக்கும். சனி, ஞாயிறாகத் திட்டமிட்டால் நல்லது.

மறுநாள் காலை, படகுத்துறையிலிருந்து 401ஆம் எண் பேருந்தில் பாலிக் புலாவ். ஆளுக்குச் சில ரிங்கிட்தான், சில்லறையாக வைத்திருங்கள். ‘தீவின் பின்புறம்’ என்பது ஊர்ப்பெயரின் பொருள். இங்கே மரக்குடில்களும் பனியும் இல்லை. 1854இல் தொடங்கப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயம் இருக்கிறது. காலைச் சந்தை, ஜாதிக்காய்ச் சாறு, புளி லக்சா, தேங்காய்ப்பால் லக்சா என்று வயிறும் நிறையும்.

பயணத்தில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடப் போகிறேன். யாருக்கு என்ன பரிசு என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். வீட்டுக்கு வரும்போது கடன் அட்டைக் கணக்கும் கூடவே வரக்கூடாது, அவ்வளவுதான்.