செத்த ராக்கெட் சாக்குச் சொல்லாது

இயங்கும் செயற்கைக்கோள் குறித்த நேரத்துக்கு வரவில்லையென்றால், கீழிருந்து யாரோ அதன் பாதையை மாற்றியிருக்கலாம். செத்த ராக்கெட்டுக்கு அந்தச் சாக்கு இல்லை. அது முந்தினாலும் பிந்தினாலும் இயற்கையின் வேலை, இல்லையேல் என் கணக்கின் பிழை. அதனால்தான் பழைய ராக்கெட் பாகங்களின் மேல் எனக்கு இத்தனை பிரியம்.

நான் அதிகம் தேடுவது ஸெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குகளை. பட்டியலில் 'எஸ்எல்-16 ஆர்/பி' என்றிருக்கும். 10 மீட்டருக்கு மேல் நீளம், 4 மீட்டருக்குச் சற்றே குறைந்த விட்டம், 8 டன்னைத் தாண்டிய எடை. பைக்கனூரிலிருந்து உளவுக் கோள்களைச் சுமந்துபோய், சுமார் 840 கிலோமீட்டர் உயரத்தில் விடப்பட்டவை. பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 102 நிமிடம். தரையில் இருட்டி, மேலே வெயில் அடிக்கும் அந்திப் பொழுதில் வெறுங்கண்ணுக்கே தெரியும். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் மங்கி அணைந்துவிடும்.

தொடர்வதற்கு வேண்டியவை பைனாகுலர், ஸ்டாப்வாட்ச், துல்லியமான கடிகாரம். சுற்றுப்பாதைத் தரவை வைத்து அது எந்த இரு விண்மீன்களுக்கு நடுவே போகும் என்று முன்பே குறித்துக்கொள்வேன். அந்தக் கோட்டைக் கடக்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடும் பொருள் அது, விரல் 0.1 நொடி பிசகினால் இடம் முக்கால் கிலோமீட்டர் பிசகும்.

புதிதாக வருகிறவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. காற்று உராய்ந்தால் ராக்கெட் பிந்தாது, முந்தும். உராய்வு அதைக் கீழே இறக்குகிறது. தாழ்ந்த பாதையில் வேகம் கூடுகிறது, சுற்றும் நேரம் குறைகிறது. சூரியன் சீறும் நாட்களில் மேல்வளிமண்டலம் உப்பி, தாழப் பறக்கும் பாகங்கள் கணித்ததற்கு முன்பே வந்து நிற்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் பிரிட்டனின் டெஸ்மண்ட் கிங்-ஹீலி போன்றோர் அந்த உயரத்துக் காற்றின் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். 840 கிலோமீட்டரில் காற்று மிக மெல்லியது. ஸெனித் அடுக்குகள் கீழே விழப் பல நூற்றாண்டுகள் ஆகும்.

நேரத்துக்கு அடுத்தது மினுக்கம். சிலம்பக் கோல்போல் தலைகீழாகச் சுழலும் உருளை, பக்கவாட்டில் வெயில் பட்டதும் பளிச்சிடும். ஒரு மினுக்கை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம். பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து வகுக்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் உலோக உடலில் மின்னோட்டத்தைத் தூண்டுவதால் ஆண்டுகள் போகப்போகச் சுழற்சி தளரும். மினுக்கின் இடைவெளி நீளும்.

இந்த அளவை வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2024இல் ஜப்பானின் அட்ராஸ்-ஜே விண்கலம், 2009இல் ஏவப்பட்ட எச்-2ஏ ராக்கெட்டின் மேலடுக்கை ஏறத்தாழ 15 மீட்டர் வரை நெருங்கியது. இத்தகைய குப்பையைப் பிடித்து இறக்குவதுதான் அடுத்த கட்டம். டன் கணக்கில் எடையுள்ள உருளையைப் பிடிக்கப் போகிறவர், அது எந்த அச்சில், எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று தெரியாமல் கையை நீட்ட முடியாது.