கடைசி வாங்கு

"சொறியாதே!" என்று நாம் வகுப்பில் உரத்துக் கூவிய அந்த நாள் 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் வந்தது. பத்தாம் வகுப்பிற் கணிதபாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வாங்கில் தனியே இருந்த மாணவன் முழங்கையின் உட்புறத்தை மேசைக்குக் கீழே மறைத்து வைத்துச் சொறிந்தான். வகுப்புச் சிரித்தது. அவன் கையை எடுத்தான். சிறிது நேரத்தில் அது தானாகவே அங்கு மீண்டது. வெள்ளைச் சட்டையின் கையில் இரத்தப் பொட்டுக்கள் இருந்ததை அப்பொழுதுதான் கண்டோம்.

அவன் ஏன் தனியே இருக்கின்றான் என்று நாம் அதுவரை கேட்டதில்லை. இதனை வெட்கத்துடனேயே எழுதுகின்றோம். 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சம ஆசனத்துக்காக நடந்த போராட்டத்தைப் பற்றி மேடைகளிற் பேசியவர் நாம். பிள்ளைகளைத் தரையில் இருத்திய சமூகத்தை வன்மையாகக் கண்டித்தவர் நாம். எமது வகுப்பிலே ஒரு பிள்ளையின் அருகில் எவரும் இருப்பதில்லை என்பதை மட்டும் அவனுடைய சுபாவமென எண்ணி வாளாவிருந்தோம். 'தொட்டால் ஒட்டும்' என்று யாரோ ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். வகுப்பு முழுவதும் அதனை நம்பியிருந்தது. கரப்பன் தொற்றுநோயன்று என்பதைச் சொல்ல வேண்டிய ஆசிரியரோ அவனைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. மாலையில் வீட்டுக்குச் சென்றோம். தந்தை வெங்காயத் தோட்டங்களிற் கூலி வேலை செய்பவர். தாயார் வாங்கொன்றை இழுத்துப் போட்டார்.

"மீனை நிப்பாட்டினன், முட்டையை நிப்பாட்டினன், கத்தரிக்காயும் இல்லை. இனி என்னத்தைச் சேர் நிப்பாட்டுறது?"

பையன் மெலிந்திருந்ததன் காரணம் விளங்கிற்று. வகுப்பில் அவன் தூங்கி விழுவதைச் சோம்பலென்று நாம் குறித்துவைத்திருந்தோம். அதற்கும் அன்றே விடை கிடைத்தது.

"இரவிலைதான் சேர் கூட. சொறியாம இருக்கேலாது," என்றான், நிலத்தைப் பார்த்தபடி.

எரிபொருள் அற்ற நாட்கள் அவை. துவிச்சக்கர வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு அரசினர் ஆஸ்பத்திரிக்குச் சென்றோம். தோல்நோய் வைத்தியர் பொறுமையுடன் விளக்கினார். தோலின் மேற்படை ஈரத்தை உள்ளே காத்து, அழுக்கை வெளியே நிறுத்தும் சுவர். இந்நோயாளரிற் பலருக்கு அச்சுவர் பிறப்பிலேயே பழுதுடையது. அதனை அமைக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பு 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. வியர்வையும் தோட்டத்துப் புழுதியும் அத்தோலை எரிக்கும். எமது சுண்ணக் கிணற்று நீரிலே நுரைக்க மறுக்கும் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பதும் அதனை மேலும் வறட்டும். சோதித்து அறியாமல் உணவுகளை நிறுத்துவது வளரும் பிள்ளைக்குக் கேடு.

ஸ்டீரொயிட் களிம்பு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. 'தோல் வெந்துபோகும்' என்று அயலார் சொல்லத் தாயார் அதனை ஒளித்துவைத்திருந்தார். விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, வளர்ந்தவரின் இரு உள்ளங்கையளவு இடத்துக்குப் போதும் என அளவைக் காட்டினார் வைத்தியர். அச்சத்தைத் தீர்த்தது அவ்வளவுதான். ஈரங்காக்கும் பரபின் களிம்போ வேறு கதை. கடுமையான நோய்க்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை வேண்டும். அவ்வீட்டில் ஒரு சிறு போத்தல் மாதக்கணக்கிற் கிடந்தது. மருந்துத் தட்டுப்பாட்டினால் ஆஸ்பத்திரி துண்டெழுதி வெளியே வாங்கச் சொன்னது. ஒரு வாரக் களிம்பு தந்தையின் கூலியை விழுங்கும். (2017இல் அமெரிக்காவில் அறிமுகமான புதிய ஊசியொன்றுக்கு ஆண்டொன்றுக்கு 37,000 டொலர் விலை குறித்தார்கள். அதைப் பற்றி அவ்வீட்டில் நாம் வாய் திறக்கவில்லை.) ஆசிரியர் நால்வர் பணம் சேர்த்தோம். பொது மருந்தகம் தரவேண்டியதை எமது சட்டைப்பைகள் எத்தனை மாதம் தரும் என்ற கேள்வி எம்மிடையே எழாமலில்லை.

வகுப்பில் அவனை வெயில் விழாத யன்னலோரம் மாற்றினோம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒரு தகரப் பேணியில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அரிப்பு எழும்போது அதை அழுத்திப் பிடிப்பான். "சொறியாதே" என்ற சொல்லை விட்டோம். ஒரு வாரம் அவனருகில் இருந்து கொப்பிகளைத் திருத்தினோம். பிள்ளைகள் பார்த்தார்கள். எவரும் வரவில்லை. இரண்டாம் வாரத்தில், கணக்கொன்று விளங்காத ஒருவன் அவனிடம் வந்து அமர்ந்தான். மணி அடித்த பின்னரும் எழுந்து போகவில்லை.

நோய் போய்விடவில்லை. சித்திரை வெயிலில் மீண்டும் கழுத்தில் வெடித்தது. ஆயினும் ஒரு காலை வாயிலில் எம்மை மறித்து, "நேற்று அஞ்சு மணித்தியாலம் நித்திரை கொண்டனான் சேர்," என்றான்.