பத்துக் கட்டத்தில் ஓர் ஏரி

மைசூர் ஹெப்பாள் ஏரிக்கு நான் மாணவனாகப் போனது, இன்ஃபோசிஸ் அறக்கட்டளை உதவியில் அது சீரமைக்கப்படுவதற்கு முந்தைய காலம். தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடந்த தண்ணீர், சாயம் கரைத்தாற்போல் பச்சை. "மாடுகளுக்குத் தண்ணி காட்டலாமா சார்?" என்று கன்னடத்தில் கேட்டார் ஒரு மாட்டுக்காரர். மூன்று நாளில் சொல்கிறேன் என்றேன்.

பச்சைக்குக் காரணம் மைக்ரோசிஸ்டிஸ். இந்த நீலப்பச்சைப் பாசியில் சில ரகங்கள் ஈரலைத் தாக்கும் விஷம் சுரப்பவை.

ஒரு லிட்டர் தண்ணீரில் அயோடின் விட்டுப் படியவைத்து, 10 மில்லியாகச் சுருக்கி, அதில் 1 மில்லியைச் செட்ஜ்விக்-ராஃப்டர் கண்ணாடியில் விட்டேன். அதில் 1,000 கட்டங்கள். பொறுமை ஏது? பத்துக் கட்டம் பார்த்தேன். 2 பாசிக் கூட்டங்கள். நூறால் பெருக்கி, மறுபடி பத்தால் பெருக்கி, லிட்டருக்கு 2,000 என்று எழுதிவிட்டேன். ஒன்றைத் தவறவிட்டால் ஆயிரம் போகும் கணக்கு!

"குலுக்கினாயா?" என்றார் பேராசிரியர். இல்லை. அடியில் படிந்ததை விட்டு மேலாக உறிஞ்சியிருந்தேன். அதோடு, பாசி என்ன பந்தியா, இலைக்கு இவ்வளவு என்று விழ? திட்டுத்திட்டாகத்தான் விழும். பரவலாக விழுந்தாலுமே 100 எண்ணினால் 20 சதவீதம் முன்பின் இருக்கும். 400 எண்ணினால்தான் அது 10 ஆகும். நான் எண்ணியதோ இரண்டு!

குலுக்கி, எல்லாக் கட்டங்களையும் எண்ணினேன். 740. லிட்டருக்கு 7,400. கழுத்து பிடித்துக்கொண்டது.

'பிளாங்டன்' என்று 1887இல் பெயரிட்ட ஜெர்மானியர் விக்டர் ஹென்சன், கடலையே இப்படி எண்ணக் கிளம்பியவர். எர்ன்ஸ்ட் ஹெக்கல் அவரைக் கடுமையாகச் சாடினார். நான் ஹென்சன் கட்சி.

மாட்டுக்காரரிடம் வேண்டாம் என்றேன். முணுமுணுத்தபடியே மாடுகளைத் திருப்பிக்கொண்டு போனார்.