தங்கை கேட்ட மூன்று கேள்விகள்

மின்சாரக் கார் நல்லதா, இல்லையா என்ற பேச்சு இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. புகை இல்லை, இரைச்சல் இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை என்கிறார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதன் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பலர் ஏன் தயங்குகிறார்கள்? எனக்கு இதை விளங்க வைத்தவள் என் தங்கை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதும் மச்சானுக்கு மின்சாரக் கார் ஆசை வந்தது. கையிலுள்ள பணம் போதாது. தங்கையின் நகைகளையும் விற்றால் சரிவரும் என்று கணக்குப் பார்த்தார். ஆலோசனை கேட்க இருவரும் என்னிடம் வந்தார்கள்.

“நானா, கார் நல்லதுதான். ராவைக்கு அதை எங்க நிப்பாட்டி சார்ஜ் ஏத்துற?” இது அவளது முதற் கேள்வி. அவர்களது வீடு ஒழுங்கைக்குள் இருக்கிறது. வாகனம் பிரதான வீதியில்தான் நிற்க வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ 15 அலகு மின்சாரம் வேண்டும். சாதாரண பிளக்கில் அதை ஏற்ற ஓர் இரவே போய்விடும். சொந்த முற்றம் இல்லாதவருக்கு இது சிறு சிக்கலல்ல.

“கரண்ட் பில் எவ்வளவு கூடும்?” இது இரண்டாவது. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் 150 அலகு கூடும். நமது வீட்டுக் கட்டணமோ அலகு ஏற ஏற விலையும் ஏறும் முறையில் அமைந்தது. த்ரீ பேஸ் இணைப்புள்ளவர்கள் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கு மாறி, இரவு 10.30க்குப் பின் குறைந்த விலையில் ஏற்றலாம். ஆனால் கட்டணமே நிலையாக நிற்பதில்லை. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெரிதாக ஏறியது. 2025 ஜனவரியில் இறங்கி, ஜூனில் மறுபடியும் 15 சதவீதம் ஏறியது.

“அஞ்சு வருஷத்துல விக்கப் போனா என்ட நகைக் காசு திரும்பி வருமா?” மூன்றாவது கேள்விக்கு மச்சானிடம் பதில் இருக்கவில்லை. 2015இல் வரி குறைவாயிருந்தபோது நிஸான் லீஃப் கார்கள் நமது வீதிகளுக்கு நிறைய வந்தன. அவ்வாண்டு இறுதியில் வந்த வரவு செலவுத் திட்டம் வரியைக் கூட்டியது, வரவும் குறைந்தது. அந்தக் கார்களின் பற்றரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லாததால் வெப்ப நாடுகளில் அதன் கொள்ளளவு விரைவாகக் குறைந்தது. பழைய கார் வாங்குவோர் முதலில் பற்றரியைப் பார்ப்பது இதனால்தான்.

இந்த இடத்தில் நோர்வேயை எண்ணிப் பார்க்கலாம். எண்ணெய் விற்றுச் செல்வம் சேர்த்த நாடு அது. 1990இல் மின்சாரக் காருக்கு இறக்குமதி வரியை நீக்கினார்கள். 2001இல் பெறுமதி சேர் வரியையும் நீக்கினார்கள். பிறகு பஸ் ஒழுங்கையில் செல்லவும் இடமளித்தார்கள். பெற்றோல் காருக்கு மட்டும் வரி கனமாகவே இருந்தது. ஆட்சிகள் மாறின, இந்தப் போக்கு மாறவில்லை. விலைகூடிய கார்களுக்குப் பெறுமதி சேர் வரி ஓரளவு திரும்பியதும் 2023இல்தான். அங்கு 2024இல் விற்பனையான புதிய கார்களில் 100க்கு 89 மின்சாரக் கார்கள். நோர்வே மக்கள் நம்மைவிடச் செல்வந்தர்கள் என்பது உண்மை. ஆயினும் செல்வம் மட்டும் இதைச் செய்யவில்லை. இன்றைய சட்டம் நாளையும் இருக்கும் என்று ஒரு குடும்பம் நம்பி முதலிட முடிந்தது.

நம் நாட்டில் அந்த நம்பிக்கை இன்னும் வளரவில்லை. ஆகவே தயங்குபவரைப் பழைமைவாதி என்று ஏசுவது நியாயமாகாது. அவர் காரைச் சந்தேகிக்கவில்லை. நாளை வரப்போகும் அறிவித்தலையே சந்தேகிக்கிறார்.

தங்கையின் நகை இப்போதைக்கு விற்கப்படவில்லை. சார்ஜ் ஏற்ற ஓர் இடம் கிடைத்த பிறகு பேசுவோம் என்று மச்சானே சொல்லிவிட்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். காரின் நிறத்தையும் அழகையும் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள். எங்கே ஏற்றுவது, எவ்வளவு கட்டுவது, விற்றால் என்ன மிஞ்சும்? பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். உங்கள் நகையும் சேமிப்பும் சேரும் காரியத்தில் கேள்வி கேட்பது உங்கள் உரிமை.