ஒரே சீட்டில் கோபன்ஹேகன்

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்காக விற்கப்படும் ஒருங்கிணைந்த நுழைவுச்சீட்டு கோபன்ஹேகன் கார்டு. 24, 48, 72, 96, 120 மணி நேரம் என ஐந்து அளவுகளில் கிடைக்கிறது. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அந்த நேரத்துக்குள் அரண்மனை, அருங்காட்சியகம், படகுச் சவாரி என 80க்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. இதில் இரண்டு வகை உண்டு. டிஸ்கவர் என்ற வகையில் ரயில், மெட்ரோ, பேருந்து, துறைமுகப் படகு எல்லாவற்றிலும் பயணம் சேர்ந்தே வருகிறது. ஹாப் என்ற வகையில் சுற்றுலாப் பேருந்து உண்டு. பொதுப் போக்குவரத்து கிடையாது, இடங்களின் எண்ணிக்கையும் குறைவு. நகரத்துக்குள் மட்டும் ஒரு நாள் சுற்றிவிட்டுப் போகிறவருக்கு ஹாப் போதுமானதாக இருக்கலாம். மற்றவர்கள் டிஸ்கவரைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சீட்டின் உண்மையான மதிப்பு நகரத்துக்கு வெளியே ஓடும் ரயில்களில் இருக்கிறது.

சீட்டு செல்பேசிச் செயலியாகவே வருகிறது. வாசலில் திரையைக் காட்டினால் குறியீட்டை ஸ்கேன் செய்து உள்ளே விடுவார்கள். ஓர் இடத்துக்கு ஒருமுறைதான் அனுமதி. ரோசன்போர்க் அரண்மனை போலக் கூட்டம் மிகுந்த சில இடங்களில் சீட்டு இருந்தாலும் நுழையும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். மெட்ரோ நிலையங்களில் தடுப்புக் கதவு எதுவும் இல்லை. நேராக நடந்து போய் ரயிலில் ஏறிவிடலாம். ஆனால் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வருவார், செல்பேசியில் சார்ஜ் இல்லை என்ற சமாதானம் அவரிடம் எடுபடாது. ஓரசுண்ட் பாலத்தைத் தாண்டி சுவீடனின் மால்மோவுக்குப் போக இந்தச் சீட்டு செல்லாது.

கோபன்ஹேகன் செலவு மிகுந்த ஊர். அதனால் சீட்டு வாங்குமுன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பார்க்க நினைக்கும் இடங்களின் கட்டணத்தையும் ரயில் கட்டணத்தையும் கூட்டி, சீட்டின் விலையோடு ஒப்பிட்டாலே விடை கிடைத்துவிடும். பட்டியலில் இருக்கும் இடங்களின் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது, ஏனென்றால் ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கக்கூடியவை மூன்று, மிஞ்சினால் நான்கு. மேலும், இந்த ஊரின் புகழ்பெற்ற காட்சிகளில் பல இலவசம். 1913இல் எட்வர்ட் எரிக்சன் வடித்த சிறிய கடற்கன்னிச் சிலை கரையோரப் பாறையில் திறந்தவெளியில் இருக்கிறது. நியூஹவுன் கால்வாயோரத்து வண்ண வீடுகளுக்கும் கட்டணம் இல்லை. நாடாளுமன்றம் இயங்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோபுரத்தில் ஏறி நகரத்தைப் பார்க்கவும் காசு வேண்டாம். கோடையில் இஸ்லாண்ட்ஸ் பிரிக்கே கரையில் துறைமுக நீரிலேயே நீந்தலாம், அந்த அளவுக்கு நீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் சீட்டில் சிறு பிள்ளைகள் இருவர் வரை இலவசமாக வரலாம். பதின்வயதினருக்குத் தனிச் சீட்டு உண்டு. ஆனால் தேசிய அருங்காட்சியகமும் லூயிசியானா கலைக்கூடமும் 18 வயதுக்குட்பட்டவர்களிடம் எப்படியும் கட்டணம் வாங்குவதில்லை.

சீட்டு நாள் கணக்கில் ஓடுவதில்லை, மணிக் கணக்கில் ஓடுகிறது. 48 மணி நேரச் சீட்டை முதல் நாள் மதியம் 1 மணிக்குத் தொடங்கினால் மூன்றாம் நாள் மதியம் 1 மணி வரை செல்லும். அப்படிச் செய்பவருக்கு ஒரு மதியம், ஒரு முழு நாள், ஒரு காலை கிடைக்கும். மாலை 6 மணிக்கு விமான நிலையத்தில் இறங்கியவுடன் அவசரப்பட்டுத் தொடங்கினால் முதல் இரவு வீணாகும். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணியளவில் மூடிவிடுகின்றன. விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு மெட்ரோவில் கால் மணி நேரப் பயணம்தான். அதற்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்துக்கொண்டு, சீட்டை மறுநாள் காலையில் தொடங்குவதே லாபம்.

முதலில் செய்ய வேண்டியது கால்வாய்ப் படகுச் சவாரி. ஒரு மணி நேரத்தில் ஊரின் அமைப்பு முழுவதும் மனத்தில் பதிந்துவிடும். படகுகளைத் தட்டையாகவும் தாழ்வாகவும் கட்டியிருக்கிறார்கள், பாலங்கள் அவ்வளவு தணிவு. சில இடங்களில் எழுந்து நின்றால் தலை பாலத்தின் கல்லில் மோதும். வழிகாட்டி ஒவ்வொரு பாலத்துக்கு முன்பும் உட்காரச் சொல்லி எச்சரிப்பார். படகு போகும் கிறிஸ்டியான்ஸ்ஹவுன் பகுதியை நான்காம் கிறிஸ்டியான் மன்னர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிகர்களுக்காக உருவாக்கினார். அதே மன்னர் கட்டிய பழைய பங்குச்சந்தைக் கட்டடமும் வழியில் வரும். நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலேறுவதுபோல் அமைந்த அதன் கூம்பு 2024 ஏப்ரலில் மூண்ட தீயில் சரிந்து விழுந்தது.

சுற்றுலாப் படகில் ஒருமுறைதான் போகலாம். மஞ்சள் நிறத் துறைமுகப் பேருந்துப் படகில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது உள்ளூர் மக்கள் வேலைக்குப் போகவர ஏறும் பொதுப் போக்குவரத்து, இப்போது மின்சாரத்தில் ஓடுகிறது, டிஸ்கவர் சீட்டில் சேர்ந்தது. கால் ஓய்ந்த மாலையில் அதில் ஏறித் துறைமுகத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவது, இந்தச் சீட்டு தரும் மிகச் சிறந்த இன்பங்களில் ஒன்று.

நகரத்துக்குள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுபவர் நான்காம் கிறிஸ்டியான். தமிழ் வாசகருக்கு அவர் அந்நியர் அல்லர். 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமை கொடுத்தவரும், 1618இல் ஓவே யெட்டே தலைமையில் கப்பல்களை அனுப்பியவரும் அவர்தான். கண்டி மன்னருக்குப் போர்ச்சுகீசியரை எதிர்த்து உதவுவது என்ற எண்ணத்தோடு இலங்கையை நோக்கிப் புறப்பட்ட அந்தப் பயணம், அங்கே காரியம் கைகூடாமல், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் முடிந்தது. தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை எழுந்தது அப்படித்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இடங்கள் ஒரே கதையின் பக்கங்களாகின்றன.

1642இல் கட்டி முடிக்கப்பட்ட வட்டக் கோபுரம் அவருடையது. ஏறத்தாழ உச்சி வரை படிகளுக்குப் பதிலாகச் செங்கல் பாவிய சாய்தளம் ஏழரைச் சுற்றுச் சுற்றி ஏறுகிறது. 200 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். வானாய்வுக் கருவிகளையும் புத்தகங்களையும் மேலே ஏற்ற வசதியாக இப்படிக் கட்டினார்கள். 1716இல் ரஷ்யாவின் மகா பீட்டர் குதிரையிலேயே ஏறினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. ரோசன்போர்க் அரண்மனையும் நான்காம் கிறிஸ்டியான் கட்டியதே. அங்கே கிரீடங்களைவிட மனத்தைத் தைப்பது ஒரு கண்ணாடிப் பெட்டி. 1644ஆம் ஆண்டுக் கடற்போரில் அவர் ஒரு கண்ணை இழந்தபோது உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த ஆடைகளை அதில் வைத்திருக்கிறார்கள். அமாலியன்போர்க் சதுக்கத்தில் நண்பகல் 12 மணிக்குக் காவலர் மாறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நடுவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஐந்தாம் பிரடெரிக்கின் சிலையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி வடித்த அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது டேனிய ஆசியக் கம்பெனி. சீனாவோடும் தரங்கம்பாடி வழியாக இந்தியாவோடும் நடந்த வணிகத்தின் லாபம் அந்த வெண்கலத்தில் இருக்கிறது.

இனி வெளியூர்கள். வடக்கே கடற்கரையை ஒட்டிச் செல்லும் ரயில் முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோர் போய்ச் சேரும். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டின் களமாக்கிய க்ரோன்போர்க் கோட்டை அங்கே நிற்கிறது. எதிரே நாலு கிலோமீட்டர் தூரத்தில் சுவீடன் கரை. பால்டிக் கடலுக்குப் போகவர அந்த நீரிணையைக் கடந்த கப்பல்களிடம் 1429 முதல் 1857 வரை டென்மார்க் சுங்கம் வசூலித்தது. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவரே சொல்லலாம். ஆனால் அவர் சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அரசருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி கூடும். உண்மையைச் சொல்ல வைக்க இதைவிட எளிய ஏற்பாடு வேறு இருக்க முடியாது. கோட்டைக்கு எதிரில், கைவிடப்பட்ட உலர்துறையைச் சுற்றித் தரைக்கு அடியிலேயே 2013இல் கட்டப்பட்ட கடல்சார் அருங்காட்சியகத்தையும் அதே சீட்டில் பார்த்துவிடலாம். கோட்டையின் தோற்றத்தை மறைக்கக் கூடாது என்பதற்காகவே மண்ணுக்குள் கட்டினார்கள். திரும்பும் வழியில் ஹம்லபெக்கில் இறங்கினால் லூயிசியானா நவீனக் கலைக்கூடம். செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு 10 மணி வரை திறந்திருப்பதால், மற்ற வாசல்கள் அடைத்த பிறகும் சீட்டுக்கு வேலை இருக்கும் அபூர்வமான இடம் இது.

மேற்கே 25 நிமிட ரயில் தூரத்தில் ரோஸ்கில்டே. நிலையத்திலிருந்து சற்று நடந்தால் தேவாலயம், அங்கிருந்து பூங்கா வழியே சரிவில் இறங்கினால் கடற்கழி. ஏறத்தாழ 1070ஆம் ஆண்டில் எதிரிகளின் வழியை அடைக்க ஐந்து பழைய கப்பல்களில் கல்லை நிரப்பி அந்தக் கழியில் மூழ்கடித்தார்கள். 1962இல் சுற்றிலும் அணை போட்டு நீரை இறைத்து, ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கிடந்த மரத்தை எடுத்துப் பொருத்திக் கரையிலுள்ள அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அவற்றில் நீளமான போர்க்கப்பல் அயர்லாந்தின் டப்ளின் பக்கத்தில் கட்டப்பட்டது என்று மரத்தின் வளையங்களை வைத்தே கண்டுபிடித்தார்கள். கோடையில் பழைய பாணிப் படகில் துடுப்புப் போட்டுப் போகலாம். அதற்குக் கட்டணம் தனி.

தமிழ்ப் பயணிக்கு இந்தச் சீட்டில் உள்ள எல்லா இடங்களிலும் முக்கியமானது ரோஸ்கில்டே தேவாலயம் என்றே சொல்ல வேண்டும். டேனிய அரச குடும்பத்தின் கல்லறைகள் இங்கே இருக்கின்றன. தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய நான்காம் கிறிஸ்டியான் தமக்கென எழுப்பிய தனிக் கூடத்தில் கிடக்கிறார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மதபோதகர் சீகன்பால்கை அனுப்பிய நான்காம் பிரடெரிக்கும் இங்கேதான் இருக்கிறார். தமிழ் அச்சு நூல் வரலாற்றின் பெரிய அத்தியாயம் ஒன்று அந்த அரசரின் ஆணையில் தொடங்கியது. 1845இல் தரங்கம்பாடியை வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றபோது ஆண்ட எட்டாம் கிறிஸ்டியானும் இதே கூரையின் கீழ்தான். தொடங்கியவர், வளர்த்தவர், விற்றவர் மூவரையும் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம். இரகுநாத நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் டேனிய அரசு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அது எந்தச் சுற்றுலாச் சீட்டிலும் வராது.

1843இல் திறந்த டிவோலி கேளிக்கைப் பூங்காவிலும் இந்தச் சீட்டு செல்லும், ஆனால் உள்ளே நுழைய மட்டும். 1914 முதல் ஓடும் மர ரோலர்கோஸ்டர் உட்பட ராட்டினங்களுக்கு உள்ளே தனியாகப் பணம் கட்ட வேண்டும். விளக்குகள் எரியும் மாலையில் போனால்தான் டிவோலி அழகு. ஒருமுறைதான் அனுமதி என்பதால் பகலில் அதைச் செலவழிப்பது வீண். ஆண்டு முழுவதும் அது திறந்திருப்பதில்லை, பருவங்களுக்கு இடையே மூடிவிடுவார்கள். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும்; அந்த மாதத்தில் வெளியூர்ப் பயணங்களைக் காலையிலேயே தொடங்க வேண்டும்.

மூன்று நாள் தங்குபவருக்கு 72 மணி நேர டிஸ்கவர் சீட்டு சரியான தேர்வு: ஒரு நாள் நகரம், ஒரு நாள் ஹெல்சிங்கோர், ஒரு நாள் ரோஸ்கில்டே. ஒரே நாள் மட்டும் தங்கி, நியூஹவுனையும் கடற்கன்னியையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சீட்டு வாங்க வேண்டாம். படகுச் சவாரிக்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுத்தால் போதும்.