ஒரு நாள் ரிப்பீட்டு

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் யாரும் எதையும் 'மறுபடியும்' செய்யவில்லை. எல்லாமே 'ரிப்பீட்டு'தான். வண்ணார்பேட்டையில் அடுத்த செட் பரோட்டாவுக்கு ரிப்பீட்டு. ஜங்ஷனில் இரண்டாவது டீக்கு ரிப்பீட்டு. எங்கள் தெரு யு.கே.ஜி. வாண்டு ஒன்று, சாப்பாடு ஊட்ட வந்த ஆச்சியிடம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, 'ஐயோ... ரிப்பீட்டா!' என்று அலுத்துக்கொண்டது. ஆச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவளும் சிரித்தாள்.

எல்லாம் 'மாநாடு' பண்ணிய வேலை. வெங்கட் பிரபு இயக்கி, சிம்பு நடித்து, நவம்பர் 25-ம் தேதி வந்த படம். முந்தின நாள் சாயங்காலம் 'ரிலீஸ் தள்ளிப்போகிறது' என்று தயாரிப்பாளரே அறிவித்து, ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சாயத்து முடிந்து, மறுநாள் வந்தேவிட்டது. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துபாயிலிருந்து விமானத்தில் வருகிறான் அப்துல் காலிக். முதலமைச்சரைக் கொல்லும் சதிக்குள் தெரியாமல் தலையை விடுகிறான். சாகிறான். செத்த அடுத்த நொடி அதே விமானத்தில், அதே ஸீட்டில் கண் விழிக்கிறான். திரும்ப அதே நாள்.

'டைம் லூப்பெல்லாம் நம்ம ஊர் ஜனத்துக்குப் புரியுமா சார்?' என்று படம் வருவதற்கு முன்னால் கேட்டவர்கள் உண்டு. புரியாமல் என்ன? ஊரடங்கு முடிந்து வந்திருந்த கூட்டம் அது. தியேட்டரில் எல்லா ஸீட்டிலும் ஆள் உட்காரலாம் என்று அரசு அனுமதித்தே ஒரு மாசம்கூட ஆகவில்லை. எழுந்தால் அதே ஜன்னல், அதே கபசுரக் குடிநீர், அதே டி.வி-யில் அதே எண்ணிக்கை என்று ஒன்றரை வருஷம் ஓட்டியவனுக்கு டைம் லூப் என்றால் என்னவென்று வகுப்பெடுக்க வேண்டுமா?

ராம் தியேட்டரில் எனக்குப் பின்வரிசையில் இருந்த பையன் சிம்புவின் மூன்றாவது சாவிலேயே பிடித்துவிட்டான். 'இப்ப பிளேன்ல முழிப்பாம் பாருல' என்றான். முழித்தார். அடுத்த தடவை அந்த வரிசையே சொன்னது. அதற்கடுத்த தடவை மொத்தத் தியேட்டரும் எண்ணிக்கொண்டு காத்திருந்தது. ஒரு மனுஷன் சுடப்பட்டுச் சாவதைக் குழந்தை குட்டியோடு உட்கார்ந்து கைதட்டி வரவேற்ற படம் வேறு ஏதாவது இருக்கிறதா, தெரியவில்லை!

ஆனால், நிஜமான விசில் ஹீரோவுக்கு இல்லை. எஸ்.ஜே.சூர்யாவுக்கு. வில்லன் போலீஸ் அதிகாரி தனுஷ்கோடி, பாதிப் படத்தில் தானும் அந்தச் சுழலுக்குள் மாட்டிக்கொள்கிறார். அப்புறம்தான் திருவிழா. 'வாசுதேவநல்லூர்க்காரர்லா' என்று இடைவேளையில் ஒருவர் உரிமை கொண்டாடினார். (2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதில் வாசுதேவநல்லூர் அந்தப் பக்கம் போய்விட்டது. அதெல்லாம் கலெக்டருக்கு. எங்களுக்கு எல்லாரும் நெல்லைச் சீமைதான்.) எனக்கு அந்த விசிலுக்கு வேறு காரணம் தோன்றியது. ஹீரோவுக்கு லட்சியம் இருக்கிறது, ஊரைக் காப்பாற்ற வேண்டும். வில்லனுக்கு இருப்பது அலுப்பு. தினமும் அதே ஆபீஸ், அதே மேலதிகாரி, போட்ட திட்டம் பாழ், காலையில் முதலிலிருந்து ஆரம்பி. மாதச் சம்பளம் வாங்குகிறவன் அந்த முகத்தைப் பார்த்தால் விசிலடிக்காமல் என்ன செய்வான்?

நான் பி.காம். படித்தவன். எதையும் பேரேட்டில் வைத்துப் பார்க்கிற புத்தி போகாது. நேற்றைய முடிவிருப்புதான் இன்றைய ஆரம்ப இருப்பு. கணக்கியலில் முதல் பாடமே அதுதான். டைம் லூப்பில் அந்தப் பாடம் செல்லாது. கடன் வாங்கினால் காலையில் கடன் இல்லை. காயம் பட்டால் காயம் இல்லை. அடுத்த நாளுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான், என்ன நடந்தது என்ற ஞாபகம். மற்றவர்களுக்கு அதுவும் கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மொத்த வேடிக்கையும் இருக்கிறது.

மேலப்பாளையத்து நண்பர் படத்தை வேறு மாதிரி பார்த்தார். மூன்று தடவை பார்த்தவர். 'ஹீரோ பேரு அப்துல் காலிக். ஆனா சுடுதவன் இல்ல, தடுக்கவன். அதுக்கே மூணு டிக்கெட் எடுக்கலாம்' என்றார். சதி செய்து, பழியை ஒரு முஸ்லிம் பையன் மேல் போட்டுக் கலவரம் கிளப்புவதுதான் படத்தில் வில்லன்களின் திட்டம். ரிப்பீட்டு சத்தத்தில் பலபேர் காதில் அது விழவே இல்லை என்பது அவர் வருத்தம்.

இந்த வகைக் கதை வெளிநாட்டில் பழசு. 1993-ல் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' எல்லாரும் சொல்வது. எனக்குப் பிடித்தது, 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற அமெரிக்க விஞ்ஞானத் தொடரில் 2000-ம் வருஷம் வந்த ஓர் எபிசோடு. கர்னல் ஓநீலும் அவர் கூட்டாளியும் பத்து மணி நேரச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரம் தவிக்கிறார்கள். பிறகு, எப்படியும் விடிந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்றானதும் ஆட்டம் போட ஆரம்பிக்கிறார்கள். வேறு கிரகத்துக்குப் போகிற மகா கதவு வழியாக கோல்ஃப் பந்து அடிக்கிறார்கள்! அந்தத் தொடரின் ரசிகர்களுக்கு இது செல்ல எபிசோடு. யுத்தம் நடக்கிற எபிசோடுகளைவிட இதைத்தான் கொண்டாடுவார்கள்.

அவ்வளவு கூத்துக்கும் காரணமானவன் யார் என்பது கடைசியில்தான் வருகிறது. பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருத்தன். பின்னோக்கிப் போய் அவளை ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்று அந்த யந்திரத்தைத் திருகிக்கொண்டே இருக்கிறான். அவனை நிறுத்தச் சொல்லும் ஓநீல், மகனைப் பறிகொடுத்த தகப்பன். அந்த நாளை இன்னொரு தடவை தன்னால் வாழ முடியாது என்கிறார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

'மாநாடு' ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் ஒரு விளையாட்டு நடந்தது. 'உனக்கு ஒரு நாள் ரிப்பீட்டு குடுத்தா எதை எடுப்பே?' கொக்கிரகுளத்தில், சுலோச்சன முதலியார் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையிலும் ஒரு ராத்திரி நடந்தது. ஒருவர் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை என்றார். ஒருவர் கே.டி.சி. நகரில் மனை சல்லிசாகக் கேட்ட நாள் என்றார். 'படையப்பா முத நாளு முத ஷோ வே. அதுல திருத்துததுக்கு ஒண்ணும் இல்ல. சும்மா பாக்கணும்' என்றார் இன்னொருவர். நியாயமான ஆசை.

ஆட்டோ அண்ணாச்சி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர். 'எனக்கு 99 ஜூலை குடுங்க' என்றார்.

கடை அமைதியாகிவிட்டது. கொக்கிரகுளத்தில் நின்றுகொண்டு அந்த மாசத்தைச் சொன்னால் விளக்கம் தேவை இல்லை. 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தொழிலாளர்களை விடச் சொல்லியும் கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போன ஊர்வலம். தடியடியில் சிதறிய ஜனம் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடியது. 17 பேர் போனார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. நான் அப்போது காலேஜில் இருந்தேன். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஆற்றில் மலர் தூவுகிறார்கள், சுற்றிலும் போலீஸ் நிற்கிறது.

படையப்பாக்காரர்தான் மெள்ளக் கேட்டார். 'போயி, போகாதீய, திரும்புங்கன்னு எல்லாத்தையும் தடுத்துருவியளோ அண்ணாச்சி?'

'நான் சொன்னா கேப்பாவளா? மனுக் குடுக்கத்தானல போறோம், அதுல என்னலன்னு கேப்பாவ. சரியாத்தானே கேப்பாவ?'

யோசித்துப் பார்த்தேன். வெள்ளம் வரப்போகிறது என்றால் குறுக்குத்துறை முருகனை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்; தண்ணீர் வடிந்ததும் சேறு கழுவித் திரும்ப வருவார். ஆற்றின் குணம் தெரியும், அதனால் முடிகிறது. சினிமா ஹீரோவும் அப்படித்தான், தன் அடியை மாற்றி வைத்தால் நாள் மாறிவிடும். இங்கே ஊர்வலம் வந்தவர்கள் எந்த அடியை மாற்றி வைத்திருக்க வேண்டும்? மாற்ற வேண்டிய அடி தடி வைத்திருந்தவர்களுடையது. அவர்களுக்கு யார் ரிப்பீட்டு கொடுப்பது?

'எனக்கு 23 வேண்டாம், 22 போதும்' என்றார் அண்ணாச்சி. அப்போது அவருக்குப் பதினைந்து வயசு. மறுநாள் டவுனுக்குப் போக அம்மா லைன் வீட்டில் புளிச்சோறு கிண்டினாளாம். கீழே போகிறோம், டவுன் பார்க்கிறோம் என்று அவளுக்கு ஒரே குஷி. கிண்டிக்கொண்டே பாடினாளாம். மறுநாள் ஆற்றிலிருந்து தப்பித்து வந்துவிட்டாள். அப்புறமும் ரொம்ப வருஷம் இருந்தாள். ஆனால், அதற்குப் பிறகு அவள் பாடி இவர் கேட்கவில்லை.

'அம்மைகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். அடுப்புப் பக்கம் உக்காந்துகிடுவேன், அவ்வளவுதான்.'

'ஒரு தடவையா அண்ணாச்சி?'

அவர் டீ கிளாஸைக் கல்லா மேல் வைத்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

'ரிப்பீட்டுதாம்ல' என்றார்.