அந்த 24 வோல்ட் டப்பா!

உங்க மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். முதல் அத்தியாயத்துலயே ஒரு பிளாக் டயகிராம் இருக்கும். நடுவுல பெருசா மைக்ரோ கன்ட்ரோலர், ஒரு பக்கம் சென்சார், இன்னொரு பக்கம் மோட்டார். ஓரமா, போனாப் போகுதுன்னு ஒரு குட்டிக் கட்டம்... ‘பவர் சப்ளை’! வைவாவுல அதைப் பத்தி யாரும் கேட்கிறது இல்லை. அதனால நாமளும் படிக்கிறது இல்லை.

ஆனா, ஃபேக்டரியில கதையே வேற பாஸ்! கோயமுத்தூர்ல ஒரு பேனல் தயாரிக்கிற கம்பெனியில இன்டர்னா இருக்கேன். ஃபெரூல் மாட்டுறது, லக் கிரிம்ப் பண்றது, வயருக்கு நம்பர் போடுறதுன்னு எடுபிடி வேலையில ஆரம்பிச்சு, இப்பதான் ‘பொருள் செலக்ட் பண்ற’ அளவுக்கு வந்திருக்கேன். முதல்ல கையில கொடுத்தது, நாம வைவாவுல டீல்ல விட்ட அதே கட்டம். டின் ரயில் எஸ்.எம்.பி.எஸ்!

டின்னுன்னதும் தகர டின்னை நினைச்சுடாதீங்க. அது ஜெர்மனியோட தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். பேனல் கதவைத் திறந்தா உள்ளே குறுக்கால ஓடுமே ஒரு உலோகப் பட்டை... 35 மில்லி மீட்டர் அகலம், பெரும்பாலும் 7.5 மில்லி மீட்டர் உயரம்... அதுதான் டின் ரயில். எம்.சி.பி., ரிலே, பி.எல்.சி. எல்லாமே அதுல ‘டக்’குனு உட்கார்ந்துக்கும். எந்த நாட்டு கம்பெனிப் பொருளா இருந்தாலும் அதே 35 மில்லி மீட்டர்தான்.

அந்த வரிசையில கம்முனு உட்கார்ந்திருக்கிற டப்பாதான் நம்ம எஸ்.எம்.பி.எஸ். உள்ளே வர்றது 230 வோல்ட் ஏ.சி., வெளியே போறது 24 வோல்ட் டி.சி. முதல்ல ஏ.சி.யை அப்படியே டி.சி.யா மாத்தும். உச்சத்துல அது கிட்டத்தட்ட 325 வோல்ட். அதை ஒரு செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி, சின்ன ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியா அனுப்பி, மறுபடி டி.சி.யா வடிகட்டும். 50 ஹெர்ட்ஸுக்குப் பதிலா இவ்வளவு வேகமா வெட்டுறதாலதான் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளங்கைக்குள்ள அடங்குது. பழைய காலத்து லீனியர் சப்ளையைத் தூக்கிப் பார்த்தவங்களுக்கு இந்த அருமை புரியும். அது அம்மிக்கல்லு கனம்!

சரி, ஏன் 24 வோல்ட்? கை பட்டாலும் பெரிய ஆபத்து இல்லாத அளவுக்குக் குறைவு. பக்கத்துல ஓடுற மோட்டார் கேபிளோட இரைச்சலையும், நீளமான வயர்ல வர்ற இழப்பையும் தாங்கிக்கிற அளவுக்கு அதிகம். அதனால சென்சார், ரிலே, சோலனாய்டு வால்வு, டச் ஸ்கிரீன், பி.எல்.சி.ன்னு மெஷினோட மூளை, கண்ணு, விரல் எல்லாத்துக்கும் பெரும்பாலும் இந்த ஒரே டப்பாதான் சோறு போடுது.

இப்ப ஒரு மேட்டர் சொல்றேன். திருப்பூர் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட். பெயர் வேண்டாம். அங்கே ஒரு மெஷின் தினமும் மத்தியானம் ரெண்டு மூணு தடவை தானா நின்னுபோகும். ஸ்கிரீன் ஒரு தடவை அணைஞ்சு எரியும். பழையபடி ஸ்டார்ட் பண்ணினா ஓடும். காலையில ஒரு பிரச்னையும் இல்லை. நம்ம ஊர்ல இதுக்கு என்ன முடிவு கட்டுவாங்க? அதேதான்... ஆபரேட்டர் அக்கா மேல பழி! ‘சாப்பிட்டதும் தூக்கம் வருது, ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டு உட்கார்ந்துக்குது’ன்னு சூப்பர்வைசரே சொன்னார். பெட்டிக் கணக்கு குறையுற நாள்ல அக்காவோட கூலியிலயும் கை வெச்சுட்டாங்க.

எங்க சீனியர் அண்ணனோட நானும் போயிருந்தேன். காலையில மீட்டர் வெச்சா, 23.9 வோல்ட். சுத்தம்! ஓனர் எங்களைப் பார்த்த பார்வையில, ‘அதான் சொன்னேனே’ன்னு எழுதியிருந்தது. அண்ணன் அசரலை. “மத்தியானம் வரைக்கும் இருப்போமுங்க”ன்னுட்டு, மீட்டரை ‘குறைந்தபட்ச அளவைப் பதிவு செய்’ங்கிற மோடுல போட்டு வெச்சார். பேனலுக்குள்ள ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டார்.

ரெண்டே கால் மணி. மெஷின் ‘டொப்’புனு நின்னது. அக்கா அப்ப மெஷினுக்கு அந்தப் பக்கம், கையில அட்டைப்பெட்டியோட நின்னாங்க. மீட்டர்ல பதிவான குறைந்தபட்ச அளவு 17 வோல்ட். தெர்மாமீட்டர்ல 58 டிகிரி!

பி.எல்.சி.க்களுக்கான சர்வதேச தர நிர்ணயம் ஐ.இ.சி. 61131-2. அதன்படி 24 வோல்ட் சப்ளை 15 சதவிகிதம் இறங்கலாம், 20 சதவிகிதம் ஏறலாம். அதாவது 20.4-லேர்ந்து 28.8 வோல்ட் வரைக்கும். 17-க்கு விழுந்தா பி.எல்.சி. மயக்கம் போடாம என்ன செய்யும்?

ஏன் விழுந்தது? இங்கேதான் நம்ம பாடம் ஆரம்பிக்குது. டப்பா மேல ‘24 வோல்ட், 2.5 ஆம்ப்’னு போட்டிருந்தது. மெஷின் வந்த புதுசுல லோடு 1.7 ஆம்ப். நல்ல கணக்குதான். அப்புறம் தேதி அச்சடிக்கிற யூனிட் சேர்த்தாங்க. அதுல ரெண்டு சோலனாய்டு, 0.5 ஆம்ப். அடுத்து டவர் லேம்ப், பஸ்ஸர், 0.2 ஆம்ப். மொத்தம் 2.4 ஆம்ப். ‘2.5-க்குள்ளதானே இருக்கு, பாஸ்!’னு நீங்களும் நானும் டிக் அடிச்சிருப்போம். ஆனா டேட்டாஷீட்டோட கடைசிப் பக்கங்கள்ல ஒரு கிராஃப் இருக்கு. அந்த மாடல் 50 டிகிரி வரைக்கும்தான் முழு ஆம்ப் தரும். அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 2.5 சதவிகிதம் குறைச்சுக்கணும். 58 டிகிரின்னா 8 டிகிரி அதிகம், 20 சதவிகிதம் அவுட்! கையில மிச்சம் 2 ஆம்ப். எல்லா சோலனாய்டும் ஒரே நேரத்துல இழுத்தா வேண்டியது 2.4 ஆம்ப். டப்பா தன்னைக் காப்பாத்திக்க வோல்டேஜை இறக்கிடுச்சு.

சூடு ஏன் ஏறுச்சு? பேனல் ஃபேன் ஃபில்டர்ல பஞ்சு அப்பி, மெத்தை மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு டப்பாவை மோட்டார் டிரைவுக்கு ஒட்டி மாட்டியிருந்தாங்க. காலையில பேனல் குளிர்ச்சியா இருக்கும், மெஷின் ஓடும். மத்தியானம் வெந்துபோகும், நிக்கும். அக்காவோட தூக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க?

அதனால, டப்பா வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. 24 வோல்ட்ல ஓடுற ஒவ்வொண்ணையும் எழுதுங்க. உதாரணமா பி.எல்.சி. 0.5 ஆம்ப், டச் ஸ்கிரீன் 0.5, சென்சார் 12-க்கு தலா 20 மில்லி ஆம்ப் வீதம் 0.24, ரிலே 8-க்கு தலா 40 மில்லி ஆம்ப் வீதம் 0.32, ஆறு வாட் சோலனாய்டு 6-க்கு 1.5, டவர் லேம்ப் 0.2. கூட்டினா 3.26 ஆம்ப். டப்பாவை 70 சதவிகிதத்துக்கு மேல வேலை வாங்காம இருந்தா நல்லதுன்னு எங்க ஷாப்ல ஒரு கணக்கு. 3.26-ஐ 0.7-ஆல வகுத்தா 4.66. கடையில கிடைக்கிற சைஸ் 2.5, 5, 10, 20 ஆம்ப். ஆக 5 ஆம்ப், அதாவது 120 வாட். மாடல் நம்பரைப் படிக்கத் தெரிஞ்சா இன்னும் ஈஸி. மீன் வெல் கம்பெனியோட ‘என்.டி.ஆர்-120-24’ன்னா 120 வாட், 24 வோல்ட். அவ்வளவுதான்!

மிச்சம் விடுறது வெட்டிச் செலவு இல்லீங்க. உள்ளே இருக்கிற எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டருக்கு 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசு ஏறக்குறைய பாதியாகும். டப்பாவுக்கு மேலயும் கீழயும் டேட்டாஷீட் சொல்ற இடைவெளியை விட்டே ஆகணும். ‘இடம் இருக்கே’ன்னு அதுக்கு மேல வயர் டக்டை ஒட்டி வெச்சா, மூக்கைப் பொத்துற மாதிரி.

அடுத்தது கரன்ட் கண் சிமிட்டுற பிரச்னை. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். ஒரு சுற்று காணாமப் போனாலும் உள்ளே சேர்த்து வெச்ச சக்தியில சமாளிக்கணும். இதுக்குப் பேரு ‘ஹோல்டு அப் டைம்’. ஃபுல் லோடுல 20 மில்லி செகண்டாவது இருக்கான்னு பாருங்க. லோடு குறைஞ்சா இந்த நேரம் கூடும். பெரிய சைஸ் எடுக்க இது இன்னொரு காரணம்! அதுக்கு மேலயும் வேணும்னா, பேட்டரி வெச்ச டி.சி. யு.பி.எஸ். இருக்கு.

ஆன் பண்ற அந்த ஒரு கணத்துல காலியா இருக்கிற கெபாசிட்டர் 30, 40 ஆம்ப்கூட இழுக்கும். சில மில்லி செகண்ட்தான். ஆனா ‘பி’ டைப் எம்.சி.பி. போட்டிருந்தா அது டிரிப் ஆகலாம். காரணமே புரியாம மண்டை காயும். டேட்டாஷீட்லயே எந்த எம்.சி.பி. போடணும்னு சொல்லியிருப்பாங்க. பெரும்பாலும் ‘சி’ டைப்.

வயரையும் மறந்துடாதீங்க. 0.75 ஸ்கொயர் எம்.எம். வயர்ல 30 மீட்டர் தூரத்துல ஒரு வால்வு. போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் சுமார் ஒன்றரை ஓம். 2 ஆம்ப் ஓடினா 3 வோல்ட் வழியிலேயே காலி! டப்பா முகத்துல இருக்கிற சின்னத் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏத்தலாம்தான். ஆனா பக்கத்துல இருக்கிற சென்சாருக்கும் சேர்த்து ஏறும். வயரைத் தடிப்பாக்குறதுதான் மரியாதை.

அந்த யூனிட்ல என்ன பண்ணோம்? 5 ஆம்ப் டப்பாவை டிரைவை விட்டுத் தள்ளி மாட்டினோம். அதே 58 டிகிரி வந்தாக்கூட 4 ஆம்ப் கிடைக்கும், வேண்டியது 2.4. ஃபில்டரைத் தட்டி மாத்தினோம். சோலனாய்டுகளுக்குத் தனி ஃப்யூஸ், ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே ஒரு டயோடு. ரெண்டு நாள் மத்தியானம் கூடவே உட்கார்ந்து பார்த்தோம். நிக்கவே இல்லை.

கிளம்புறப்போ அக்கா என்கிட்ட மெதுவா கேட்டாங்க... “நாளைக்கே மறுபடி நின்னுச்சுன்னா, நான் நிறுத்துலைன்னு யாரு சொல்லுவாங்க கண்ணு?”

அதுக்கும் டப்பாவுல பதில் இருந்தது. சில மாடல்ல ‘டி.சி. ஓகே’ன்னு ஒரு ரிலே கான்டாக்ட் தருவாங்க. வோல்டேஜ் இறங்கினா அது திறந்துக்கும். விலை கொஞ்சம் கூடுதல். ஓனர், “அது எதுக்குங்க தண்டமா?”ன்னார். அண்ணன், “உங்க மெஷின் ஏன் நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?”ன்னு கேட்டார். ஓனர் தலையாட்டிட்டார். அந்த மாடலைத்தான் மாட்டினோம். ஒரு விஷயம்... 24 வோல்ட்டே போனா பி.எல்.சி.யும் சேர்ந்து மயங்கிடுமே, யார் பதிவு பண்றது? அதனால அந்தக் கான்டாக்ட் வழியா, தனி 230 வோல்ட்ல ஓடுற ஒரு சின்ன கவுன்ட்டரை இணைச்சோம். வோல்டேஜ் விழுந்தா எண்ணிக்கை ஒண்ணு ஏறும். ஸ்டாப் பட்டன் அமுக்கினா ஏறாது. எப்படிப் பார்க்கணும்னு அக்காவுக்கே காட்டிக் கொடுத்தேன். ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க.

ஃப்ரெண்ட்ஸ், கேம்பஸ் இன்டர்வியூல ஃப்ளைபேக் கன்வர்ட்டர் வரையச் சொன்னா கண்ணை மூடிட்டு வரைஞ்சுடுவீங்க. சந்தோஷம்! கூடவே ஒரு வேலை பண்ணுங்க. ஏதாவது ஒரு டின் ரயில் எஸ்.எம்.பி.எஸ். டேட்டாஷீட்டை இறக்கி, அதுல சூட்டுக்கு ஆம்ப் எப்படிக் குறையுதுங்கிற கிராஃபைப் பாருங்க. எத்தனை டிகிரியில வளையுதுன்னு குறிச்சுக்கோங்க. நாளைக்கு நீங்க ஒரு பேனல் டிசைன் பண்ணும்போது அந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கிட்டா, ஏதோ ஒரு ஊர்ல ஏதோ ஒரு அக்காவோட கூலி முழுசா வீடு போய்ச் சேரும்!